குறை தீர்க்க வரும் குரல்: கணினி உதவி மோசடியைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது?

வஞ்சகத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் கடமை வஞ்சிக்கப்படுகிறவனையே சார்ந்ததா, அன்றி அவனும் வஞ்சகனும் சந்திப்பதற்குரிய சந்தையையும் சாலையையும் நடத்துகிறவர்களைச் சார்ந்ததா என்னும் வினா மிகப் பழமையானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், கைவினைஞரும் வணிகரும் இழைக்கும் மோசடிகளிலிருந்து குடிகளைக் காப்பதை அரசாங்க அதிகாரிகளின் பொறுப்பாக்கித் தன் நான்காம் அதிகரணத்தில் அதற்கு விரிவாக இடம் தந்தது. ஆங்கிலப் பொதுச்சட்டமோ, வாங்குகிறவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற கொள்கையை நெடுங்காலம் போற்றிப் பின்னர் படிப்படியாகத் தளர்த்திற்று. இவ்விரு விடைகளுக்கும் இடையே நடந்துவந்த அந்த விவாதம், நம் காலத்தில் தொலைபேசி வாயிலாக நிகழும் ஒரு குறிப்பிட்ட மோசடியைப் பற்றி மறுபடியும் தீவிரமாக எழுந்திருக்கிறது. கணினியில் பழுது நேர்ந்திருப்பதாகச் சொல்லி, பெரிய நிறுவனமொன்றின் பிரதிநிதியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அதை நீக்கித் தருவதாகப் பணம் பறிக்கும் மோசடி அது.

ஏறத்தாழ 2008-ஆம் ஆண்டிலிருந்து பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பரவிய இம்மோசடி, எளிதில் தேய்ந்து மறையும் என்று பலர் எதிர்பார்த்ததற்கு மாறாக வளர்ந்தே வந்திருக்கிறது. அமெரிக்க எஃப்.பி.ஐ.-இன் இணையக் குற்றப் புகார் மையத்திற்கு வந்த முறையீடுகளின்படி, இவ்வகையில் மக்கள் இழந்த தொகை 2021-இல் ஏறத்தாழ 34 கோடியே 70 லட்சம் டாலர். 2023-இல் அது 92 கோடி டாலரைத் தாண்டிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவந்த பரிகாரங்கள் ஒவ்வொன்றும் எந்த அனுமானத்தின்மேல் நிற்கிறது, எவ்விடத்தில் தளர்கிறது என்பதை ஆராயாமல், இன்னொரு பரிகாரத்தை அவற்றோடு சேர்ப்பதில் பயனில்லை.

மெய்யைக் காட்டிப் பொய் சொல்லும் முறை

இம்மோசடியின் நுட்பத்தை அறியாதவர்கள் அதைப் பேராசைக்காரர்கள் விழும் லாட்டரிக் கடிதத்தோடு சேர்த்து எண்ணுவதுண்டு. அது பெரும் பிழை. லாட்டரிக் கடிதம் இல்லாத செல்வத்தை இருப்பதாகச் சொல்கிறது. இங்கே பேசுகிறவனோ, கேட்பவரின் கண்ணெதிரேயுள்ள கணினியில் உண்மையாகவே இருப்பவற்றைக் காட்டுகிறான். விண்டோஸ் கணினிகளில் ‘ஈவென்ட் வியூவர்’ என்றொரு பதிவேடு உண்டு. கணினியின் உள்ளே நிகழும் சிறுசிறு தடங்கல்களையெல்லாம் அது சிவப்பு, மஞ்சள் குறிகளோடு தானாகவே எழுதி வைக்கும்; பழுதே இல்லாத கணினியிலும் அத்தகைய குறிகள் நூற்றுக்கணக்கில் காணப்படும். அந்தப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, “இவையெல்லாம் வைரஸ் செய்த நாசங்கள்” என்று எடுத்துரைப்பது, நல்ல தேகமுடைய ஒருவரின் நாடித்துடிப்பையே நோயின் அறிகுறியென்று காட்டுவதை ஒக்கும். மற்றொரு யுக்தியில், கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். அப்போது ‘888டிசிஏ60’ எனத் தொடங்கும் நீண்ட அடையாள எண் ஒன்று தோன்றும். அதே எண்ணை அழைப்பவன் முன்கூட்டியே படித்துக் காட்டி, உங்கள் கணினிக்கே உரிய எண் எனக்கு எப்படித் தெரிந்தது பாருங்கள் என்பான். அந்த எண் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே என்பது கேட்பவருக்குத் தெரிய நியாயமில்லை.

இவ்வாறு நம்பிக்கை பிறந்தபின், டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற செயலிகளைக் கொண்டு தொலைவிலிருந்தே கணினியைத் தன் வசப்படுத்திக்கொண்டு, ‘பழுது’ நீக்கியதற்குக் கட்டணம் கேட்பான். இச்செயலிகள் நேர்மையான பணிகளுக்காகவே செய்யப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் சில நூறு டாலர்களோடு நின்ற இத்தொழில், காலப்போக்கில் கொடிய வடிவமொன்றை எடுத்தது. முன்பு கட்டணம் செலுத்தியவரையே மீண்டும் அழைத்து, கம்பெனி மூடப்படுவதால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, வங்கிப் பக்கத்தைத் திறக்கச் செய்து, திரையில் தெரியும் எண்ணை மட்டும் மாற்றிவிடுவார்கள். இருநூறு டாலர் வரவேண்டிய இடத்தில் இருபதாயிரம் வந்துவிட்டதாகத் தோன்றும். மிகையாக வந்ததைத் திருப்பித் தராவிட்டால் என் வேலை போய்விடும் என்று அழைத்தவன் கெஞ்சுவான். இந்த இரண்டாம் கட்டத்தில் சுரண்டப்படுவது பயமன்று, நேர்மையும் இரக்கமுமே. பிறர் பணம் தமக்கு வேண்டாம் என்று எண்ணும் மனிதர்தாம், கடைகளில் கிஃப்ட் கார்டுகளை வாங்கியும் ரொக்கத்தைப் பார்சலில் அனுப்பியும் தம் வாழ்நாள் சேமிப்பை இழக்கிறார்கள்.

அறியாமையே காரணம் என்போர்

முதன்முதலில் எழுந்ததும் இன்றுவரை அதிகமாகச் சொல்லப்படுவதுமான விடை, மக்களுக்கு எச்சரிக்கை ஊட்டுவதே போதுமான பரிகாரம் என்பது. மென்பொருள் நிறுவனங்களும் அரசாங்கங்களும் இதன் பிரதான ஆதரவாளர்கள். கேட்காமல் நாங்கள் யாரையும் அழைப்பதில்லை; எங்கள் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை; அத்தகைய அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள் என்பதே அவ்வறிவுரையின் சாரம். அதன் எளிமையே அதன் பலம். அழைப்பைத் துண்டித்து, அந்தரங்கத் தகவல் எதையும் கூறாமல், ஐயமிருப்பின் நிறுவனத்தின் அதிகாரபூர்வமான எண்ணைத் தாமே தேடி எடுத்து விசாரிக்கிற ஒருவரை இம்மோசடி பெரும்பாலும் அணுக முடியாது என்பதை மறுப்பாரில்லை.

ஆயினும் இந்த விடைக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, எச்சரிக்கையின் வாசகத்தைக் கற்றுக்கொண்டு அதற்கேற்பத் தன் வழியை மாற்றிக்கொள்வதில் மோசடிக்காரன் எவரினும் விரைவானவன். கேட்காமல் வரும் அழைப்பை நம்பாதே என்ற பாடம் பரவியதும், திரை முழுவதையும் மூடிக்கொண்டு எச்சரிக்கை மணி ஒலிக்கும் பாப்-அப் செய்திகள் பெருகின. அவற்றிலுள்ள எண்ணை மக்களே அழைத்தார்கள். அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சி, எட்டு மாத காலத்தில் இத்தகைய பக்கங்களுக்குரிய 8,000-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளையும் 1,581 தொலைபேசி எண்களையும் கண்டெடுத்தது. அவ்வாய்வாளர்கள் தாமே அழைத்துப் பேசிப் பார்த்த அறுபது மோசடிக்காரர்கள் கேட்ட கட்டணம் சராசரியாக 290 டாலர். தேடிப்போய் அழைத்தவரிடம், கேட்காமல் அழைப்பவனை நம்பாதே என்ற போதனை எவ்வாறு பயன்படும்?

இரண்டாவது குறை, அறிவுடையோர் ஏமாறார் என்னும் அதன் உள்ளார்ந்த நம்பிக்கை. ‘ஜிம் பிரவுனிங்’ என்னும் புனைபெயரில் இயங்கும் வட அயர்லாந்துக்காரர் ஒருவர், இம்மோசடிக்காரர்களை அம்பலப்படுத்துவதையே தம் பணியாகக் கொண்டவர்; அவர்களுடைய யுக்திகளை அவரளவு நுணுகிக் கற்றவர் சிலரே. 2021 ஜூலையில், யூடியூபின் உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாக நடித்த ஒருவரை நம்பி, அவரே தம் சேனலைத் தம் கையால் அழித்துவிட நேர்ந்தது. பின்னர் அது மீட்கப்பட்டது. அறிவு தேவையில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. தக்க தருணத்தில், தக்க வேஷத்தில் வரும் வஞ்சனைக்கு முன் அறிவு மட்டும் கவசமாகாது என்று கொள்ளலாம்.

வயதும் மனத்தின் இயல்பும்

ஏமாறுகிறவர்கள் முதியோரே என்னும் அபிப்பிராயம் பரவலானது. அதற்கு ஆதாரமும் உண்டு. எஃப்.பி.ஐ.-இன் 2021 அறிக்கையில், இவ்வகைப் புகாரளித்தவர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இழப்பில் 68 சதவீதம் அவர்களுடையது. ஆனால் அதே 2021-இல் மைக்ரோசாஃப்ட் பதினாறு நாடுகளில் நடத்திய கருத்தாய்வு, மோசடிக்காரரோடு பேச்சைத் தொடர்ந்து பணம் இழப்பவர்களுள் இளைஞர்களே அதிகம் என்ற முடிவுக்கு வந்தது. ஒன்று முறையிட்டவர்களின் கணக்கு, மற்றொன்று கேள்விக்குப் பதிலளித்தவர்களின் கணக்கு; ஆதலால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒன்றைப் பொய்யென்பது முறையாகாது. இளைஞர் அடிக்கடி சிறுதொகையை இழந்து மறந்துவிடுகிறார்கள், முதியவர் அரிதாகவேனும் பெருந்தொகையை இழந்து நிலைகுலைகிறார்கள் என்று கொள்வது இரண்டுக்கும் பொருந்தக்கூடும். அந்தக் கருத்தாய்வில் நம் நாட்டு மக்களுக்கும் கவலைக்குரிய செய்தி இருந்தது: இந்தியாவில் வினவப்பட்டவர்களுள் 69 சதவீதத்தினர் இத்தகைய மோசடியைச் சந்தித்திருந்தனர், 31 சதவீதத்தினர் பணமும் இழந்திருந்தனர். இம்மோசடி இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்கு மட்டும் செல்வது என்ற எண்ணம் பிழை.

மனோதத்துவ நோக்கில் எழுதியவர்கள் வேறொரு திசையைக் காட்டினார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டஜானோவும் அவருடைய சக ஆய்வாளர் பால் வில்சனும் 2011-இல் வெளியிட்ட கட்டுரை, ஏமாறுவது குறைபாடுடைய சிலரின் தனிக்குணம் அன்று; அதிகாரத்துக்குப் பணிதல், அவசரத்தில் சிந்தனையைக் கைவிடுதல், ஒன்றில் கவனம் குவிந்தபோது மற்றதைக் காணாதிருத்தல் போன்ற, எல்லோருக்கும் பொதுவான மனவியல்புகளே மோசடியின் கருவிகள் என்று விளக்கியது. இதற்கு மாறாக, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2012-இல் பொருளாதார விளக்கமொன்றைத் தந்தார். நைஜீரியாவிலிருந்து எழுதுவதாகச் சொல்லும் மோசடிக் கடிதம் நம்பத்தகாததாயிருப்பது அதன் குறையன்று, அதன் பயனே. ஐயப்படுகிறவர்களெல்லாம் தாமாகவே விலகிவிட, கடைசிவரை நம்பக்கூடிய சிலரிடம் மட்டும் மோசடிக்காரன் தன் நேரத்தைச் செலவிட முடிகிறது என்பது அவர் வாதம். கணினி உதவி மோசடிக்கும் இவ்வாதம் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் இங்கே முதல் வார்த்தையே நம்பத்தக்கதாக அமைக்கப்படுவதால், முழுவதும் பொருந்துவதாகச் சொல்ல இயலாது.

ஏமாந்தபின் நிகழ்வதைப் பற்றிய ஆராய்ச்சி ஒப்பீட்டளவில் குறைவு. சமூகவியலறிஞர் எர்விங் கோஃப்மன் 1952-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பணத்தை இழந்தவன் அதைவிடப் பெரிதாகத் தன்னைப் பற்றிய மதிப்பை இழக்கிறான் என்று காட்டினார். புத்திசாலி என்று தன்னை எண்ணியிருந்தவன் அவ்வெண்ணத்தைத் துறக்க நேர்வதே அவனுடைய துக்கம். பலர் புகார் செய்யாமல் இருப்பதற்கும், பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைப்பதற்கும், அதனாலேயே மறுமுறையும் அதே வலையில் விழுவதற்கும் இதுவே காரணமென்று கருத இடமுண்டு. ‘கவனமாக இருந்திருக்கலாமே’ என்னும் அறிவுரை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், இந்த மௌனத்தை வளர்க்கிறது.

தண்டனையும் அதன் எல்லையும்

குற்றவாளிகளைப் பிடித்துத் தண்டிப்பதே நேரான வழி என்போர் வாதம் எளிதாகத் தோன்றும். 2012 அக்டோபரில் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம், ஆஸ்திரேலிய, கனடிய அதிகாரிகளின் ஒத்துழைப்போடு, பெரும்பாலும் இந்தியாவில் இயங்கிய கூட்டங்களின்மேல் ஆறு வழக்குகளைத் தொடுத்து, அவர்களுடைய அமெரிக்கச் சொத்துகளை முடக்கச் செய்தது. 2018-இன் பிற்பகுதியில் மைக்ரோசாஃப்டின் புகாரின்பேரில் டெல்லி வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மையங்களில் போலீசார் சோதனையிட்டனர். 2023 அக்டோபரில் சி.பி.ஐ., ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்னும் நடவடிக்கையில் நாடெங்கும் 76 இடங்களைச் சோதித்தது. அமேசான், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் முறையீடுகளும் அதற்குக் காரணமாயிருந்தன.

எனினும் இவ்வழியில் நியாயம் மெதுவாகவே நடக்கிறது. பணத்தை இழந்தவர் ஒரு கண்டத்திலும் எடுத்தவர் மற்றொரு கண்டத்திலும் இருக்க, சாட்சி சொல்ல எழுபது வயது மூதாட்டியைக் குருகிராம் நீதிமன்றத்துக்கு வரவழைப்பது எளிதன்று. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு லட்ச ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது; திரட்டிய செல்வத்தோடு ஒப்பிட அது சிறிது. ஒரு மையம் மூடப்பட்டால், மேசைகளும் தொலைபேசி இணைப்புகளும் வேறொரு கட்டடத்துக்கு மாறுவது ஒரு சில நாட்களின் வேலை.

தண்டனை வாதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஓர் அபிப்பிராயத்தைத் தனியே கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டோனி புரூக் ஆய்வில் அழைக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து பேசினர் என்பது உண்மை. அதைக் கொண்டு இம்மோசடியை ஒரு தேசத்தாரின் குணமாக்குவது அநியாயம். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ நிறுவனமும் அதற்கு மென்பொருள் வழங்கிய சப்போர்ட்.காம் நிறுவனமும், இலவசப் பரிசோதனை என்ற பெயரில் கணினிகளில் இல்லாத வைரஸ் இருப்பதாகக் காட்டிச் சேவை விற்றன என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, மொத்தம் 3 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த இசைந்தன. பெருங்கடைகளின் விளக்கொளியிலும் இத்தொழில் நடந்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இரவெல்லாம் கண்விழித்து நேர்மையாக உழைக்கும் கால் சென்டர் ஊழியர்கள், தங்கள் உச்சரிப்பு ஒன்றுக்காகவே திட்டு வாங்க நேர்வது இந்த அபிப்பிராயத்தின் விளைவுகளுள் ஒன்று. மோசடி மையங்களில் அமர்ந்திருக்கும் இளைஞர்களுள்ளும், வேலை தேடி வந்து, செய்யும் தொழில் இன்னதென்று உணர்ந்தபின் விலகவும் துணியாதவர்கள் உண்டு. அவர்களுடைய பொறுப்பு அதனால் நீங்கிவிடாது. ஆனால் நடத்துபவனையும் நடத்தப்படுகிறவனையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியன்று.

வஞ்சகரை அலைக்கழிப்போர்

அழைத்தவனைத் துண்டிக்காமல் பேச்சில் இழுத்தடித்து அவன் நேரத்தை வீணாக்குவது ஒரு சேவை என்று கருதுவோர் பலர். ‘லென்னி’ என்னும் முதியவரின் குரலில் பதிவு செய்யப்பட்ட சில வாக்கியங்களை மாறிமாறி ஒலிக்கவிட்டு அழைப்பாளரைக் காக்கவைக்கும் ஏற்பாட்டை 2017-இல் ஆராய்ந்தவர்கள், அவ்வழைப்புகள் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குமேல் நீண்டதைக் கண்டனர். 2024 நவம்பரில் பிரிட்டனின் ஓ2 தொலைபேசி நிறுவனம் ‘டெய்ஸி’ என்னும் செயற்கை நுண்ணறிவுப் பாட்டியை இதே பணிக்கென அறிமுகம் செய்தது. 2020 மார்ச்சில் பி.பி.சி.-யின் பனோரமா நிகழ்ச்சி, முன்னர்க் குறிப்பிட்ட ஜிம் பிரவுனிங் குருகிராம் மையமொன்றின் கண்காணிப்புக் கேமராக்களுக்குள்ளேயே நுழைந்து எடுத்த காட்சிகளை வெளியிட, மோசடியின் உள்முகம் உலகறியத் தெரிந்தது.

இம்முயற்சிகள் பொதுமக்களுக்குக் கல்வியாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது பிரிட்டனிலும் இந்தியாவிலும் குற்றமே. அவ்வாறு பெற்ற ஆதாரம் நீதிமன்றத்தில் எவ்வளவு செல்லும் என்பது சந்தேகம். அலைக்கழிப்பதே பொழுதுபோக்கான இடங்களில், கோபம் மோசடியைவிட்டு மோசடிக்காரனின் இனத்தின்மேல் திரும்புவதும் உண்டு. தனியாக வாழும் ஒருவர், தம் முகவரியை அறிந்திருக்கக்கூடிய கூட்டத்தோடு இவ்விளையாட்டில் இறங்குவதை ஆதரிக்க இயலாது.

வழிகளை அடைத்தல்

விளம்பரம், அழைப்பு, பணம் என்னும் மூன்று வழிகளை அடைத்தால் மோசடி தானே வாடும் என்பது அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுவரும் நிலை. பிங் தேடுபொறி 2016-இல் மூன்றாம் தரப்புக் கணினி உதவி விளம்பரங்களை விலக்கிற்று. கூகுள் 2018-இல் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அழைப்பவரின் எண் போலியானதா என்று சரிபார்க்கும் ஏற்பாட்டை அமெரிக்கப் பெருநிறுவனங்கள் 2021 ஜூன் இறுதிக்குள் நிறைவேற்ற வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண்போலத் தோன்றும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு இந்தியாவில் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

பணத்தின் வழியை அடைப்பதில் பிரிட்டன் துணிந்து முன்சென்றது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டுவரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைப் பாதிப்பாதியாக ஏற்க வேண்டும். மோசடியால் வங்கிக்கே நஷ்டம் என்ற நிலை வந்தால்தான் வங்கி அதைத் தேடிப் பிடிக்கும் என்பது இதன் தர்க்கம். ஈடு நிச்சயமென்றால் மக்கள் அஜாக்கிரதையாவார்கள் என்று எதிர்ப்போர் கூறுகின்றனர். வாழ்நாள் சேமிப்பைப் பற்றி அவ்வளவு எளிதாக ஒருவர் அஜாக்கிரதையாவார் என்பது நம்பத்தக்கதாயில்லை. இதைவிடக் கனமான குறை, நாட்டைவிட்டு வெளியே செல்லும் பணத்துக்கு இவ்விதி பொருந்தாது என்பதே. கிஃப்ட் கார்டும் பார்சலில் செல்லும் ரொக்கமும் வங்கியின் கண்ணுக்கே படுவதில்லை. சிங்கப்பூர் 2025 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமோ, தாம் ஏமாற்றப்படுவதை ஏற்க மறுப்பவரின் வங்கிப் பரிவர்த்தனையைப் போலீசார் முப்பது நாள் நிறுத்திவைக்க அனுமதிக்கிறது. ஒருவருடைய பணத்தை அவருடைய நன்மைக்காகவே அவரிடமிருந்து காப்பது எதுவரை நியாயம் என்பதைப் பற்றிப் பிற நாடுகள் இன்னும் தயங்குகின்றன; அத்தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது.

காலியாக விடப்பட்ட இடம்

மேற்கூறிய நிலைகளில் எதுவும் போதிய கவனம் செலுத்தாத ஒன்று உண்டு. இம்மோசடிக்காரன் விற்பது பொய்ச் சேவையே ஆயினும், அந்தச் சேவைக்கான தேவை மெய். தன் சொந்தக் கணினியின் உள்ளே நடப்பதை அறிய வழியில்லாத சாமானியர் கோடிக்கணக்கானோரின் வீடுகளில், நிபுணருக்கு மட்டுமே விளங்கும் எச்சரிக்கைகளைக் காட்டும் சாதனங்கள் வைக்கப்பட்டன. அவை சரியாக இயங்காதபோது பொறுமையோடு பேசி உதவும் மனிதக்குரலைப் பெரிய நிறுவனங்கள் கிட்டாப் பொருளாக்கின. எண் எங்கே என்று தேடி, பதிவு செய்த குரல்களின் சுற்றில் அலைந்து களைத்தவருக்கு, அரைமணி நேரம் மரியாதையாகப் பேசி, சொன்னதையே திரும்பத் திரும்ப விளக்கும் ஒருவன் வாய்க்கும்போது நம்பிக்கை பிறப்பது இயல்பு. நம் நாட்டில் வங்கி, பார்சல், சமையல் எரிவாயு முதலியவற்றின் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை இணையத்தில் தேடி, அங்கே விதைக்கப்பட்டிருக்கும் போலி எண்ணை அழைத்து ஏமாறுகிறவர்களின் கதையும் இதுவே. உதவிக்கான உண்மையான எண்ணை எளிதில் கிடைக்கச் செய்வதும், அதில் மனிதர் ஒருவர் பதில் சொல்லச் செய்வதும் மோசடித் தடுப்பின் பகுதிகளாக எண்ணப்படாதவரை, எச்சரிக்கைப் பிரசுரங்கள் பொறுப்பைத் தவறான தோளில் ஏற்றுகின்றன என்றே கருத வேண்டியிருக்கிறது.

தீராதவை

வழிகளை அடைக்கும் முறை, பணத்தைக் கையாளுகிறவர்களிடம் பொறுப்பை வைப்பதால், மற்றவற்றினும் நம்பிக்கை அளிப்பதாகத் தோன்றுகிறது. ஆயினும் அதனால் மோசடி உண்மையில் குறைந்ததா, அன்றி வேறொரு வடிவத்துக்கும் வேறொரு நாட்டுக்கும் பெயர்ந்ததா என்பதைப் பிரித்தறிய, பல நாடுகளின் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தல் வேண்டும். இழப்பில் நிறுவனம், வங்கி, தொலைபேசி நிறுவனம் ஆகியவற்றின் பங்கு எவ்வெவ்வளவு என்பதில் சட்டங்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இவற்றினும் அவசரமானது மற்றொன்று. ஹெர்லியின் வாதம், பேசுகிற மனிதனின் நேரம் விலையுடையது என்னும் அடிப்படையில் எழுந்தது. அந்த விலையே மோசடிக்காரனைச் சிலரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தியது. லென்னியும் டெய்ஸியும் அவனை வருத்த முடிந்ததும் அதனாலேயே. எந்த மொழியிலும் களைப்பின்றிப் பேசும் இயந்திரக் குரல் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியுள்ள இந்நாளில், ஐயப்படுகிறவரை விட்டு விலகவேண்டிய அவசியம் மோசடிக்காரனுக்கு இல்லாது போகலாம். இதுவரை ஆங்கிலம் அறிந்தவர்களையே பெரும்பாலும் நாடிய இம்மோசடி, அப்போது தமிழிலும் அதே பொறுமையோடு பேசக்கூடும். அதற்கு எதிரான சட்டங்களும் ஏற்பாடுகளும் மனிதன் ஒருவன் மறுமுனையில் இருக்கிறான் என்னும் அனுமானத்தின் மேலேயே இன்னும் வகுக்கப்பட்டு வருகின்றன.